தீபாவளித் தட்டும் பெட்டரி மெசினும்

என் வலது கை மணிக்கட்டு போய் வருசக்கணக்காகிறது. தேயிலைக் கொழுந்து பறித்த கை. தோட்டத்து டிஸ்பென்சரியில் நரம்பு என்கிறார்கள், தைலம் தருகிறார்கள், நானும் தடவுகிறேன். அரிசி களையலாம். தேங்காய் துருவலாம், நடுவில் நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. முறுக்கு உரலை மட்டும் அழுத்த முடியாது. அழுத்தினால் முழங்கை வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும்.

முறுக்குப் பிழியாவிட்டால் என்ன குடியா முழுகிப் போகும் என்று கேட்பீர்கள். எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், தீபாவளிக்கு ஒவ்வொரு வாசலில் இருந்தும் மற்ற வாசல்களுக்குத் தட்டுப் போகும். வீட்டில் செய்த பலகாரம், மேலே ஒரு பேப்பர், அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். வாங்கினவர்கள் தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள், அவர்கள் செய்ததை வைத்துத் தருவார்கள். கல்யாணம் கட்டி இந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்த வருசத்தில் இருந்து என் வாசல் தட்டு நிற்கவில்லை. வீட்டுக்காரர் செத்த வருசம் மட்டும் நின்றது, அது வழக்கம்.

நான் சொல்ல வந்தது போன தீபாவளிக் கதை. அதற்கு முந்தின தீபாவளிக்கு, கை முடியாமல் டவுனில் கேக் வாங்கி வெட்டித் தட்டில் வைத்தேன். லயத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வாசல்காரி மட்டும், அவள் நல்லவள்தான், தட்டை வாங்கிக்கொண்டே, "ஏன் பெரியம்மா இந்தச் சிரமமெல்லாம்? உங்களுக்கு நாங்க தர மாட்டமா? சும்மா இருங்க" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதையே யோசித்தேன். சும்மா இருங்க என்றால் என்ன அர்த்தம்? இனி நீ தருகிற வாசல் இல்லை, வாங்குகிற வாசல். அவ்வளவுதான். திரும்பி வந்த தட்டுகளில் எல்லாம் வழக்கத்துக்கு மேலே குவித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க உடம்பு எரிந்தது.

என் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். எனக்கு அவள் ஒருத்திதான். போனில் இதைச் சொன்னேன். அழவில்லை, சும்மா சொன்னேன். அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் பிஸ்கட் பிழிய ஒரு மெசின் வைத்திருக்கிறாளாம். பெட்டரி போட்டுப் பொத்தானை அமுக்கினால் அதுவே பிழியுமாம். "கைக்கு ஒரு வேலையும் இல்லம்மா. பிடிச்சிக்கிட்டு இருந்தா போதும்" என்றாள். லீவில் வந்த ஒரு பிள்ளையிடம் அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பினாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெரிய டார்ச் மாதிரி ஒரு தலை, மோட்டார் அதற்குள்ளே. அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள்ளே மாவைத் தள்ளுகிற ஒரு வில்லை. பூ, இலை, நட்சத்திரம் என்று ஓட்டை போட்ட வட்ட வட்டத் தகடுகள். ஒரு பேப்பரும் இருந்தது. ஒரு பக்கம் இங்கிலீஸ், மறுபக்கம் அரபி. தமிழ் என்றாலும் நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். படங்களைப் பார்த்தேன். போதும் என்று மடித்து வைத்தேன்.

பக்கத்துக் காம்பரா என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவளும் தாலி அறுத்தவள், அவளுக்கும் வயசாகிவிட்டது, ஆனால் கை இரும்பு. எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்பாள். நாங்கள் பேசுவதில் பாதி சுவருக்கு மேலேதான்.

"என்னமோ குவைத்து சாமான் வந்திருக்காமே மதினி?"

"வந்திருக்கு."

"டார்ச்சுல பலகாரம் சுடப்போறீங்களாம். லயமே பேசுது."

"பேசட்டும். தீபாவளிக்கு என் தட்டு வரும். அப்ப வாயில போட்டுக்கிட்டுப் பேசுங்க."

இதை நான் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மலைத் தண்ணீர் விழுகிற பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரியும் சொல்லிவிட்டேன். இந்த வருசம் மெசின் பிஸ்கட், என் கையால், எல்லா வாசலுக்கும் என்று. சொன்ன பிறகுதான் மெசினில் பெட்டரியே போட்டேன்.

வீட்டில் கிடந்ததைத்தான் போட்டேன். சுவர் மணிக்கூட்டில் இருந்து ஒன்று, டீவி ரிமோட்டில் இருந்து இரண்டு, குறைக்குப் புதிதாக ஒன்று. மாவு எனக்குத் தெரிந்த மாவு. அரிசி மாவை வறுத்து, சுடுதண்ணீர் ஊற்றி, கெட்டியாகப் பிசைந்தேன். இடது கையால்தான் பிசைந்தேன். குழாயில் அடைத்துப் பொத்தானை அமுக்கினேன். உர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் முக்கி முனகியது. நின்றுவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "பூனைக்கு என்ன பண்ணுது மதினி?" என்று கேட்டாள். நான் குழாயில் இருந்து மாவை வழித்து எடுத்தேன்.

எங்கள் லயத்தில் கவரேஜ் இல்லை. மேல் ரோட்டு வளைவில் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், மழை விட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்த ஒரு பகலில் ஏறிப்போய் மகளுக்குச் சொன்னேன்.

"என்ன மாவும்மா போட்டீங்க?"

"முறுக்கு மாவு."

"ஐயோ அம்மா! அது முறுக்கு ஒரல் இல்ல. மாஜரின், சீனி, கோதும மாவு, ஒரு முட்ட. மெதுவா இருக்கணும். அரிசி மாவப் போட்டா மோட்டார் எப்படிம்மா தள்ளும்?"

"நான் தள்ளலையா இத்தன வருசம்?"

"அதான் கை போச்சு" என்றாள். அவள் சொன்னது சரி. பெட்டரியைப் பற்றியும் கேட்டாள். சொன்னேன். பழசையும் புதுசையும் கலக்காதீங்க, நாலும் புதுசா, நல்லதா வாங்குங்க என்றாள்.

தலவாக்கலை டவுனுக்குப் பஸ் ஏறினேன். நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடை நானா, முஸ்லிம் மனிதர், பெட்டரி கேட்டதும் மலிவானதை எடுத்து வைத்தார்.

"மணிக்கூட்டுக்குத்தானேம்மா?"

"இல்ல நானா, மெசினுக்கு. மோட்டார் இருக்கு. இழுக்கணும்."

"அப்ப இது ஆகாது. இதப் போட்டா பாதியில படுத்துரும்" என்று வேறு ஒன்றை எடுத்துத் தந்தார். "என்ன மெசின்?"

"பிஸ்கட் பிழியிறது."

"நம்ம நோன்புப் பெருநாளைக்கும் ஒரு தட்டு அனுப்புங்க" என்று சிரித்தார். மாஜரினும் அவரிடமே வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். இடம் கொடுக்க ஒரு பொடியன் எழும்பினான். நான் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று இறங்கி நடக்கும்போது என் காலே என்னைக் கேட்டது.

மாஜரின் போட்ட மாவு அடுத்த சங்கடம். இங்கே ஐப்பசிக் குளிர் உங்களுக்குத் தெரியும். பகலிலேயே பனி வாசலுக்குள் வரும். ராத்திரி பிசைந்து மூடி வைத்த மாவு காலையில் கல்லாகிவிட்டது. மெசின் மறுபடி முக்கி நின்றது. அடுப்புப் பக்கத்தில் வைத்தேன், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன், எழுந்து பார்த்தால் கூழ். பொத்தானை அமுக்காமலே வழிந்தது. மறுபடி மாவு போட்டு, ஆற வைத்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து, மரவள்ளிக் கிழங்கை அவித்து மசித்த பதம் வந்ததும் குழாயில் அடைத்தேன். உள்ளே காற்று நிற்காமல் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி அடைத்தேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. முறுக்கு உரலிலும் காற்று நின்றால் புட்டுப் புட்டாகத்தான் விழும்.

பொத்தானை அமுக்கினேன். மெசின் ஓடியது. ஓட்டை வழியாக மாவு வந்தது. பூ வந்தது! ஆனால் வேக வைக்க எண்ணெய் தடவி வைத்த தகரத் தட்டில் உட்காரவில்லை. மெசினைத் தூக்கினால் பூவும் கூடவே ஏறி வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி ஏறி வந்தது. ஒட்டுகிறது போலிருக்கிறது என்று தகரத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவினேன். இன்னும் மோசம். வாயில் தொங்கிக்கொண்டு நின்றது. இன்னும் தடவினேன். தகரம் குளித்துவிட்டு வந்த எருமை மாதிரி மினுங்கியது.

சத்தம் கேட்டு நாத்தனார் வந்துவிட்டாள். வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எறங்க மாட்டேங்குதே மதினி. உங்க வீட்டுச் சாமானுக்கும் உங்க மாதிரியே ரோசம்."

"வாய மூடிக்கிட்டு அந்தத் தாம்பாளத்த எடு. இந்தத் தகரம் சரியில்ல."

எடுத்துத் தந்தாள். கழுவித் துடைத்துக் கவிழ்த்திருந்த தாம்பாளம். நான் எண்ணெய்ச் சட்டியைத் தேடினேன், அது என் பின்னால் இருந்தது, திரும்பினால் கை இழுக்கும். ஆத்திரத்தில் அப்படியே காய்ந்த தாம்பாளத்தில் மெசினை வைத்து அமுக்கினேன். தூக்கினேன்.

பூ உட்கார்ந்திருந்தது. ஆணி அடித்த மாதிரி.

இரண்டு பேரும் அதையே பார்த்தோம். பிறந்ததில் இருந்து எனக்கு எண்ணெய் இல்லாமல் பலகாரம் இல்லை. உரலுக்கு உள்ளே எண்ணெய், பிழிகிற துணிக்கு எண்ணெய், கைக்கு எண்ணெய். இந்த மாவு மாஜரினிலேயே ஊறிக் கிடக்கிறது, அதற்குக் கீழே பிடித்துக்கொள்ள வெறும் தகரம் வேண்டும். நான் தடவத் தடவ அது பிடி கிடைக்காமல் மெசினோடு ஏறி வந்திருக்கிறது. தகரங்களை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காய வைத்தேன். பெரிய சட்டியில் மணல் போட்டுச் சூடாக்கி, உள்ளே தகரத்தை இறக்கி, மூடிக்கு மேலே தணல் போட்டு வேக வைத்தேன். முதல் ஈட்டில் ஓரம் கருகியது. இரண்டாவது ஈடு பொன் நிறம்.

நாத்தனார் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள்.

"ம்" என்றாள். "நல்லாத்தான் இருக்கு." இன்னும் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வாயில் அதற்கு மேல் வராது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் தட்டுக்கான மாவைப் பிசைந்தேன். முதல் ஈடு சாமிக்கு, அதனால் முட்டை கிடையாது, பால் ஊற்றிக்கொள்ளலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனால் மெசினில் பழைய முட்டை மாவு ஒட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் பீலிக்குக் கொண்டுபோனேன். தகடு, குழாய், தள்ளுகிற வில்லை, அந்தத் தலை, எல்லாம். பெட்டரியை மட்டும் கழற்றி வைத்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. தென்னந்தும்பு போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவினேன்.

அந்தப் பேப்பரில் தண்ணீர்க் குழாய்ப் படம் ஒன்று இருந்தது. கழுவலாம் என்றுதான் நினைத்தேன். குழாய்க்குக் கீழே எந்தத் துண்டைப் பிடித்திருக்கிறார்கள், எதற்கு மேலே கீறு போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கழுவித்தான் இருப்பேன். முட்டை பட்ட சாமானைக் கழுவாமல் சாமிக்குப் பலகாரம் செய்கிற பழக்கம் என் வீட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டரியைப் போட்டு அமுக்கினேன். சத்தமே இல்லை.

அந்த நேரத்தில் லயம் முழுக்க எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு காம்பராவில் இருந்தும் முறுக்கு வாசம். நான் மெசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாவு இருக்கிறது, தகரம் இருக்கிறது, தணல் இருக்கிறது. பீலியில் நான் விட்ட சவடாலும் இருக்கிறது. டவுனுக்குப் போய்க் கேக் வாங்கவும் நேரம் இருந்தது, பஸ்ஸும் இருந்தது. ஆனால் இந்த வருசமும் கேக் என்றால் இனி எந்த வருசமும் கேக்தான். அது எனக்குத் தெரியும்.

அடுப்புக்கு மேலே விறகு காய்கிற பரணில் துணி விரித்து அந்தத் தலையைக் காய வைத்தேன். மத்தியானம் சோறு ஆக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்து சாய்ந்து விழித்தேன். மூன்றாவது தடவை எடுத்துப் பார்த்தபோது, அமுக்கியதும் இருமிவிட்டு ஓடியது.

சாமிக்கு ஒரு ஈடு பிழிந்தேன். தட்டுக்கு அடுத்த ஈடு. அதற்கு அடுத்தது. பூப் பூவாக உட்கார்ந்தது. சந்தோசப்படக்கூட எனக்குத் தெம்பில்லை, ஆனால் மனசுக்குள் வாசல்களை வரிசையாக நினைத்துக்கொண்டே பிழிந்தேன். பாதி வாசல்கூடத் தாண்டியிருக்காது, மோட்டார் மெலிந்தது. கருகல் வாசம் வந்தது. நின்றது. பெட்டரியை மாற்றிப் பார்த்தேன், தட்டினேன், பரணில் வைத்தேன், எடுத்தேன். இல்லை. போய்விட்டது.

பிறகு நாத்தனார் வந்தாள், கையில் அவளுடைய முறுக்கு உரல். நட்சத்திர அச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"மாவத் தாங்க."

"வேணாம்."

"மதினி, மாவு உங்களுது. அடுப்பு உங்களுது. நான் அமுக்கத்தான் போறேன். மோட்டாருன்னு நெனச்சுக்கங்க."

"மோட்டாரு வாய் பேசாது."

"பேசல. தாங்க."

நான் இதுவரைக்கும் என் தட்டுக்கு ஒருத்தர் கையையும் விட்டதில்லை. என் மாமியார் கையைக்கூட விட்டதில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மாவைப் பார்த்தேன், ஓரம் காய ஆரம்பித்திருந்தது. மாஜரின் போட்ட மாவைக் கொட்ட எனக்கு மனசு வராது. சட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் எண்ணெய்ச் சட்டிக்குக் கையை நீட்டினாள்.

"தடவாத!" என்று கத்தினேன். "உரலுக்கும் வேணாம், தகரத்துக்கும் வேணாம்."

"பழக்கம் மதினி" என்றாள், சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அவள் அமுக்கினாள். நான் தகரத்தை நகர்த்தினேன், நீளமாக வந்த மாவை விரல் அளவுக்குக் கத்தியால் நறுக்கினேன், சட்டியில் இறக்கினேன், தணல் மாற்றினேன். அவள் சொன்ன மாதிரியே வாய் திறக்கவில்லை. அது ஒரு பெரிய அதிசயம், லயத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள். முடித்தபோது எனக்கு முதுகு நிமிரவில்லை, அவள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரும்புக் கையும் வலிக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இனி என் முறுக்குக்கு யாரு அமுக்குவா?" என்றாள்.

"காலையில நீ குளிக்கிறதுக்குள்ள நான் மாவு பெசஞ்சு வைக்கிறேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

"அது போதும்."

தீபாவளி காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, நாத்தனாருக்குச் சொன்னபடி மாவு பிசைந்து வைத்துவிட்டுத் தட்டுகளை அடுக்கினேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் நீட்டு. வாசல் வாசலாகக் கொண்டுபோனேன். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். பூ மெசின் பிழிந்தது, மெசின் செத்துப் போச்சு, நீட்டு என் நாத்தனார் அமுக்கினது, மாவும் வேக வச்சதும் நான். கடைசி வாசல்காரி பேப்பரைத் தூக்கிப் பார்த்து, "பிழிஞ்சிட்டீங்களே பெரியம்மா!" என்றாள். அவள் தட்டை வழக்கமான அளவுக்குத்தான் நிரப்பித் தந்தாள். நான் கவனித்தேன்.

எல்லாம் முடிந்து ஒரு தட்டு மிச்சம் இருந்தது. மிச்சம் என்று சொல்லக்கூடாது, அது நாத்தனாருக்கு என்று எடுத்து வைத்தது. பக்கத்து வாசல்தான். ஆனாலும் சேலை முந்தியைச் சரி பண்ணிக்கொண்டு, பேப்பர் மூடி, வெளியே இறங்கி, அவள் வாசலில் போய் நின்றேன்.

"எனக்கு எதுக்கு மதினி?" என்றாள். "நேத்து நான் பிழிஞ்சதுதானே."

"நீதான் பிழிஞ்ச. தட்டு என் வாசல்ல இருந்து வருது. வாங்கிக்க."

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவள் முறுக்கு இன்னும் சட்டியில் வெந்துகொண்டிருந்தது.

"தட்ட வெறுமையா தர மாட்டேன். கொஞ்சம் நில்லுங்க."

"நிக்க முடியாது. உக்காந்துக்கிறேன்" என்று அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். உள்ளே எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது. முறுக்கு வேகட்டும் என்று காத்திருந்தேன்.